ஒரு கிலோ கல் உப்பு

"உப்பு போட்டுச் சாப்டீங்களா சார்?" என்று நர்ஸ் பெனிட்டா கேட்டபோது ஏகாம்பரத்துக்குச் சிரிப்புதான் வந்தது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து இதே கட்டிலை விட்டு இறங்கிப் போனவர், திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் திரும்பி வருவதற்குள் உடம்பில் இரண்டே முக்கால் கிலோ ஏறியிருந்தது. ஏறியது சதையா என்ன, வெறும் தண்ணீர். சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்ட மனிதருக்குக் குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும், உப்பு தின்றால் தாகம் எடுத்து இன்னும் குடிக்கத் தோன்றும், அதனால்தான் அந்தப் பெண் வாரத்துக்கு மூன்று முறை அதே கேள்வியைக் கேட்கிறாள். "எங்க வீட்டுல உப்புங்கிற பேச்சே கிடையாதும்மா. இருக்கிறது ஒரு பாக்கெட்டு, அதுவும் மீனுக்கு" என்றார். "குடுத்து வச்ச மீனு" என்றபடி அவள் அவருடைய இடது முன்கையில் புடைத்து நிற்கும் நரம்பைத் தடவிப் பார்த்து இரண்டு ஊசிகளையும் ஏற்றினாள். ட்யூப் சிவந்தது, மெஷினின் சின்னச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, இனி பதினொன்றரை வரைக்கும் இடது கையை அசைக்கக் கூடாது. ஏகாம்பரம் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். மூன்று வருடமாக வீட்டில் உப்பில்லாத சோறு. மனைவி குணசுந்தரி தனக்கென்று ஒரு குழம்பு தனியாக வைத்துக்கொள்ளலாம், வைக்கமாட்டாள், அவருக்கு என்னவோ அதுவே அவளுக்கும். ஒரே ஒரு நாள், மதியம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, மீன் தொட்டிக்கு அடியிலிருக்கும் அலமாரியைச் சத்தமில்லாமல் திறந்து, மீனுக்கு வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து நாலு கல் உப்பை எடுத்து மாங்காய்த் துண்டில் வைத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் புரண்டு படுத்தார். அதைப் பெனிட்டாவிடம் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

குடுத்து வச்ச மீன்தான், சந்தேகமில்லை. ஆஸ்கர் வகை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, கறுப்பு உடம்பில் செம்மண் நிறத்தில் திட்டுத்திட்டாக. ஒன்பது வயது. வீட்டில் அதற்குப் பெயர் பெரியவர். பெயரை வைத்தவள் குணசுந்தரி, நக்கலாகத்தான் வைத்தாள். சோபாவை இடம் மாற்றிப் போட்டால் பெரியவருக்குக் கோபம் வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு செத்ததுபோல் நடிப்பார், ஏகாம்பரம் போய்க் கண்ணாடியில் விரலால் தட்டிச் சமாதானம் பேசினால்தான் எழுந்திருப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவரின் வால் துடுப்பில் ரவை தூவினாற்போல் மூன்று வெள்ளைப் புள்ளி. சனிக்கிழமை பன்னிரண்டு. இன்று காலை எண்ணிக்கைக்கு அடங்கவில்லை, உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து கடையில் நூறு விதம் இருக்கிறது, இருந்தாலும் கல் உப்புக்கு மிஞ்சியது இல்லை என்பது ஏகாம்பரத்தின் கட்சி. நாலரை அடித் தொட்டி, நானூற்று முப்பது லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ போதும். ஆறு மணிக்கு எழுந்து, பாக்கெட்டை உடைத்து, வாளியில் கரைத்து, ஒரே அடியாகக் கொட்டாமல் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றினார். ஊற்றுவதற்கு முன்னால், தண்ணீரைச் சுத்தம் செய்கிற கரி அடைத்த கறுப்பு டப்பாவின் வால்வை மூடினார். அதை நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. ஆட்டோ கீழே ஹார்ன் அடிக்கிறது, முட்டி வலிக்கிறது, அப்போதும் குனிந்து, மறக்காமல், கறுப்பு டப்பாவை மூடிய மனிதர். மருந்து போடும்போது கரியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மருந்தையெல்லாம் கரி தின்றுவிடும், இது அரிச்சுவடிப் பாடம்.

டப்பா என்று சொல்வது குணசுந்தரி. மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு ரியாக்டர் என்று பெயர், ஆனால் பார்க்கப்போனால் அது டப்பாதான், குடிதண்ணீர் ஃபில்டரில் வருகிற கண்ணாடி மாதிரியான நீள டப்பா. இந்தக் கட்டிலில் முதன்முதலாகப் படுத்த அன்று ஏகாம்பரம் வலியைக்கூடக் கவனிக்கவில்லை. மெஷினில் மாட்டியிருந்த அந்த ஒரு ஜாண் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் கீழே நுழைகிறது, மேலே வருகிறது, நடுவில் அழுக்கு போய்விடுகிறது. அன்றைக்குத்தான் டாக்டர், ஊசி போடுகிற இடது கையில் இனிமேல் குடம், வாளி எதுவும் தூக்கக் கூடாது என்று சொன்னார். அப்படியென்றால் பெரியவருக்கு வாராவாரம் இருபது வாளி தண்ணீர் யார் மாற்றுவது? பெரியவர் தின்கிற தீனிக்கு அவர் போடுகிற கழிவு கொஞ்சநஞ்சமல்ல. அந்த வாரமே ஏகாம்பரம் பாரிமுனைக்குப் போய் இரண்டு டப்பா வாங்கி, ஒன்றில் கரி, ஒன்றில் ஜியோலைட் என்கிற வெள்ளைக் கல் இரண்டு கிலோ, தனித்தனி பம்பு, தனித்தனி வால்வு, பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கரி நிறத்தையும் நாற்றத்தையும் எடுக்கும். வெள்ளைக் கல் அம்மோனியாவை எடுக்கும். மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாதான் மீனுக்கே விஷம், அதை வெள்ளைக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. கல் நிரம்பிவிட்டால் மாதம் ஒருமுறை எடுத்து ஒரு வாளி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால், பிடித்து வைத்திருந்த அம்மோனியாவை எல்லாம் அது அப்படியே கக்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீரில் போட்டால் கக்கிவிடும். உப்பு. ஏகாம்பரம் கண்ணைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பது.

கறுப்பு டப்பாவை மூடினேன். வெள்ளை? மூடியிருப்பேன். மூடாமல் இருப்பேனா, மின்வாரியத்தில் முப்பது வருஷ சர்வீஸ், ஒரு கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் லைனை இறக்கியாச்சா, கரன்ட் நின்னாச்சா என்று மூன்று தடவை கேட்கிற ஃபோர்மேன். இரண்டையும் சேர்த்துத்தான் மூடியிருப்பேன். அவர் தன் வலது கையைப் பார்த்தார், கைக்கு ஞாபகம் இருக்கும் என்பதுபோல. கை போர்வைமேல் கிடந்தது. முட்டி போட்டது ஞாபகம் இருக்கிறது. அலமாரிக் கதவு இடித்தது ஞாபகம் இருக்கிறது. நீலப் பிடியை வலது பக்கமாகத் திருப்பியது, கறுப்பு டப்பாவுக்குள் குமிழி அடங்கியது, எல்லாம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆட்டோ ஹார்ன். அதற்கப்புறம் அவர் நிமிர்ந்து, வலது கையில் வாளியைத் தூக்கி, ஊற்றுகிறார். நடுவில் இன்னொரு பிடி இல்லை. எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இரண்டாவது பிடி வரவில்லை. சொல்லப்போனால் கரி உப்பைத் தொடுவதேயில்லை, கறுப்பு டப்பாவை மூட வேண்டிய அவசியமே இல்லை, அது வெறும் பழக்க தோஷம். மூட வேண்டாததை மூடிவிட்டு, மூட வேண்டியதைத் திறந்துவிட்டு, தன் மேலேயே மரியாதை வேறு. நேற்று ஞாயிறு, வெள்ளைக் கல்லைக் கழுவ வேண்டிய நாள், அசதியாக இருக்கிறது, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டிருந்தார். ஆக, ஐந்து வாரத்து அம்மோனியா, இரண்டு கிலோ கல்லில், ஆறு பத்திலிருந்து உப்புத் தண்ணீர் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். போன ஆடியில் அம்பத்தூர்க்காரர் ஒருவர் இதே தப்பைச் செய்து எட்டு தங்கமீனைப் பறிகொடுத்துவிட்டுக் குழுவில் அழுதபோது, ஏகாம்பரம் இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். 'சார், ஜியோலைட் இருக்கிற தொட்டியில உப்பைக் கொட்டுறதும் விஷத்தைக் கொட்டுறதும் ஒண்ணுதான். தெரிஞ்சுக்கிட்டு மீன் வளருங்க, இல்லன்னா வளக்காதீங்க.' வாய் கிழியப் பேசிய அந்தக் குரல் இப்போது காதுக்குள் முழுசாக ஓடியது.

சரி, பதற்றப்படக் கூடாது. கணக்குப் போடு. தொட்டி பெரிசு. உப்பு ஒரு கிலோதான், வாளியில் ஊற வைக்கிறதுபோல் கெட்டியான உப்புத் தண்ணீர் இல்லை, கல் மெதுவாகத்தான் விடும். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? எங்கள் பெரவள்ளூர் போர்வெல் தண்ணீருக்குக் காரத்தன்மை ஜாஸ்தி, அந்த மாதிரித் தண்ணீரில் அம்மோனியாவுக்கு விஷம் கூடும், அதுவும் அவரே குழுவில் எழுதியதுதான். தெரிந்து வைத்திருந்த ஒவ்வொன்றும் இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது. பெரியவர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவார். செவுள் ஓரம் சிவக்கும். அப்புறம் சாய்வார். சாய்ந்தால் யாருக்குத் தெரியும், கோபத்தில் சாய்கிறவர் என்றுதானே எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் என்றால் வீட்டில் இன்னொரு ஆள்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு போன் போட்டால் போதும். 'வெள்ளை டப்பாவை நிறுத்து, பால்கனி டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை எடுத்துப் பாதித் தண்ணீர் மாத்து.' பத்து செகண்டு. போன் வலது பக்கம் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. ஏகாம்பரம் கையைத் தலையணைக்கு அடியில் விட்டு, போனைத் தொட்டு, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் இதே தொட்டியில் ஒரு காலத்தில் ஏழு மீன் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், அவருக்கு உடம்புக்கு வருவதற்கு முன்னால், ஒரு புரட்டாசி சனிக்கிழமை. அவருடைய அக்கா குடும்பத்தோடு வருகிறாள் என்று குணசுந்தரி வீட்டையே கழுவிக் கவிழ்த்தாள். கூடத்தில் கரப்பான் பூச்சி. அக்கா முன்னால் கரப்பான் ஓடினால் மானம் போய்விடுமே என்று ஸ்ப்ரேயை எடுத்து அடித்தாள். தொட்டியை மூடித்தான் அடித்தாள். பின்னால் காற்று இழுக்கிற பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பம்பு மருந்துக் காற்றை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டது. சாயங்காலம் அவர் டியூட்டி முடிந்து வரும்போது ஆறு மீன் மேலே மிதந்தது, பெரியவர் மட்டும் மூலையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அக்கா சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முன்னால் வைத்துத்தான் ஏகாம்பரம் அதைச் சொன்னார். அந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனசு வழக்கம்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, மெஷின் சக்கரத்தைப் பார்த்தார், அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார், இருபத்து மூன்று வரை எண்ணினார், பக்கத்துக் கட்டிலில் யாகூப் பாய் போர்வைக்குள் குறட்டை விடுவதைக் கேட்டார். பிறகு பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. தட்டு வரும், சாப்பிடுவார். காப்பி வரும், குடிப்பார். பன்னிரண்டாவது நாள் சாவி எங்கே என்று கேட்டார், அவள் ஆணியில் என்றாள், அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவள் தொட்டிப் பக்கமே போனதில்லை. தீனிகூடப் போடமாட்டாள். அவர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தபோதும் எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் போடச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, தெரியும்.

இரண்டு முறை குணசுந்தரிக்குக் கரு கலைந்தது. முதலாவது மூன்றாம் மாசம், இரண்டாவது ஐந்தாம் மாசம், ஐந்தாம் மாசத்துக்காரனுக்கு விரல் நகம்கூட வந்திருந்தது என்று நர்ஸ் சொல்லித் தொலைத்தாள். அதெல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். அதை மனசில் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை, மீனை நினைத்துத்தான் சொன்னார், ஆத்திரத்தில் நாக்குக்கு வந்ததைச் சொன்னார். 'ஒரு உசுரை வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல உனக்கு' என்றார். சொன்ன மறு நொடியே அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். குணசுந்தரி அழவில்லை. சுவரோரமாக நின்றவள் சமையல்கட்டுக்குள் போய், அக்காவுக்கு இன்னொரு தோசை ஊற்றினாள். அந்தத் தோசை கல்லில் விழுந்த சத்தம் அவருக்கு இன்றைக்கும் கேட்கிறது. பதினொரு நாள் அவர் பேசாமல் இருந்தது கோபத்தில் என்று அவள் நினைத்திருப்பாள். முதல் நாள்தான் கோபம், மீதிப் பத்து நாளும் வெட்கம். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாத வெட்கம். இப்போது அவளுக்குப் போன் போட்டு, நான் தொட்டியில் விஷம் கலந்துவிட்டேன், நீ போய்க் காப்பாத்து என்று சொல்ல வேண்டும். எந்த வாயால் சொல்வது?

மெஷின் கத்தியது. பெனிட்டா ஓடி வந்தாள். "கையை ஆட்டினீங்களா சார்? ஊசி இடம் மாறினா வீங்கிடும்." ஆட்டவில்லை என்றார். அவள் ட்யூபைச் சரி பண்ணிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அழுத்தினாள். பட்டை கையை இறுக்கிப் பிடித்து விட்டது. "நூத்தி எழுபது காட்டுது. வரும்போது நூத்தி முப்பதுதானே இருந்துச்சு? என்ன யோசனை சார்?" ஏகாம்பரம் உதட்டை நனைத்துக்கொண்டார். "பெனிட்டாம்மா, இதைக் கொஞ்சம் சீக்கிரம் கழட்டிவிட முடியுமா?" "ஏன், என்ன ஆச்சு?" "வீட்டுல ஒரு வேலை." "ரெண்டே முக்கால் கிலோவையும் உள்ளேயே வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனீங்கன்னா மூச்சு முட்டி ராத்திரி எமர்ஜென்சிக்கு வருவீங்க. டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு. அப்படி என்ன தலை போற வேலை?" தலை போகிற வேலைதான், ஆனால் மீன் என்று சொன்னால் இந்தப் பெண் சிரித்துவிடுவாள். "ஒண்ணுமில்ல" என்றார். அவள் போய்விட்டாள். அவருக்கு ஒரு யோசனை வந்தது. குணசுந்தரிக்குப் போன் போட்டு, காரணம் எதுவும் சொல்லாமல், வெள்ளை டப்பாவை மட்டும் நிறுத்தச் சொல்லலாம். கரன்ட் பில் ஜாஸ்தி வருது, நிறுத்து. மின்வாரியத்துக்காரன் சொன்னால் நம்புவாள். தண்ணீரை எதற்கு மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டால்? உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு, அதுக்குத்தான். ஜாஸ்தியாப் போச்சு என்றால் தப்பு யாருடையது என்று வருமே. எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா? அவர் ஒன்பது மணிக்கே கடைக்குப் போயிருப்பார். ஏகாம்பரம் பொய்யை இப்படியும் அப்படியும் மடித்துப் பார்த்தார், எப்படி மடித்தாலும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடிகாரம் ஒன்பது பத்து. இருபது நிமிஷம். ஒரு உயிர் மூச்சுக்குத் தவிக்கும்போது, இருபது நிமிஷமாகத் தன் மூக்கு உடைபடாமல் இருக்க வழி தேடுகிற மனுஷன் என்று அவருக்கு அவர் மேலேயே அருவருப்பு வந்தது.

அப்போதும் உடனே எடுக்கவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, தண்ணீர் வேகமாக இறங்கும்போது இப்படி இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை நீட்டினார். மெஷின் அவருடைய ரத்தத்தை வாங்கி அலசித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்தக் குழாயில் யாராவது ஒரு தப்பான தண்ணீரைக் கலந்துவிட்டால் எனக்குத் தெரியுமா? தெரியாது. மூச்சு முட்டும், அவ்வளவுதான் தெரியும். யார் கலந்தது, ஏன் கலந்தது, வால்வு கறுப்பா வெள்ளையா, ஒன்றும் தெரியாது. பெரியவருக்கும் ஒன்றும் தெரியாது. காலையில் வாளியோடு வந்த கையை நம்பி மேலே வந்து பார்த்தார், தீனி என்று நினைத்து வாயைத் திறந்தார், அந்த வாய்க்குப் பக்கத்தில்தான் அவர் ஊற்றினார். ஏகாம்பரம் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். ஒன்பது இருபத்தைந்து. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. அவள் எடுக்கவில்லை. காய்கறி வாங்கப் போயிருப்பாள். இல்லை, பார்த்துவிட்டாளா? பெரியவர் மிதப்பதைப் பார்த்துவிட்டு, அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? இரண்டாம் முறை அடித்தார். எடு, எடு, எடு குணா. ஏழாவது மணியில் எடுத்தாள். மூச்சு இரைத்தது.

"என்னங்க, மெஷின்லருந்தா பேசுறீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நீ ஏன் இரைக்கிற?"

அந்தப் பக்கம் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. காற்றுக் குமிழி வெடிக்கிற சத்தமும் கேட்டது, ஆனால் தொட்டியில் கேட்கிற மாதிரி இல்லை, பக்கத்தில், ஏதோ பாத்திரத்துக்குள் கேட்கிற மாதிரி.

"குணா?"

"கோவப்படாதீங்க" என்றாள். குரல் நடுங்கியது. "மெஷின்ல இருக்கும்போது உங்களுக்கு பிரஷர் ஏறக் கூடாதுன்னுதான் நான் போன் பண்ணல. நீங்க போன ஒரு மணி நேரத்துல பெரியவர் மேல வந்து வாயை வாயைத் திறந்தார். நான் எப்பவும்போல கோவமா இருக்கார்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா அப்படியே மல்லாந்துட்டார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எது எதுக்கு சுவிட்சுன்னும் தெரியல, அதனால மொத்தத்தையும் அணைச்சுட்டேன். பால்கனி டிரம்முல தண்ணி இருந்துச்சே, அதைப் பெரிய அன்னக்கூடைப் பாத்திரத்துல ஊத்தி, அவரைக் கையால தூக்கிப் போட்டேங்க. வழுக்குச்சு, ஒரு தடவ கீழ விழுந்துட்டார். காத்து பம்பு எதுன்னு போட்டுப் பாத்து, அந்த ட்யூபை மட்டும் உள்ள விட்டிருக்கேன். இப்ப மூச்சு விடுறார். கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கார், ஆனா கண்ணு என்னைப் பாக்குது."

மொத்தத்தையும் அணைத்துவிட்டாள். இரண்டு பக்கமும் லைனை இறக்கியவள் அவள்தான். அவர் பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், பழைய பழக்கத்தில் அந்த மௌனத்துக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

"நான்தாங்க ஏதோ பண்ணிட்டேன்" என்றாள் மெதுவாக. "நீங்க போனதும் கூடத்தைப் பினாயில் போட்டுத் துடைச்சேன். தொட்டிக்கிட்ட வெறும் தண்ணிலதான் துடைச்சேன், சத்தியமா. ஆனா வாசனை போயிருக்குமோ என்னவோ. அன்னைக்கு மாதிரியே ஆயிடுச்சு. என் கை ராசி அப்படி."

தப்பித்துப் போகக் கதவு திறந்துதான் கிடந்தது. ஒன்றுமே சொல்ல வேண்டாம், 'சரி, விடு' என்று பெரிய மனதாகச் சொன்னால் போதும், மன்னித்த பேரும் கிடைக்கும், குழுவில் மானமும் மிஞ்சும், சாயங்காலம் போய் வெள்ளைக் கல்லைச் சத்தமில்லாமல் அள்ளிப் போட்டுவிடலாம், அவளுக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. அப்படியும் ஒரு கணம் யோசித்தார், யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்னக்கூடைக்குள் குமிழி வெடித்துக்கொண்டே இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"குணா, பினாயில் இல்ல. நான்தான்" என்றார். "வெள்ளை டப்பாவை நிறுத்தாம உப்பைக் கொட்டிட்டேன். அந்தக் கல்லு உப்பு பட்டா விஷத்தைக் கக்கிடும். எனக்குத் தெரியும். தெரிஞ்சே மறந்துட்டேன். ஒன்பது மணிக்கே ஞாபகம் வந்துடுச்சு. உன்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அரை மணி நேரம் போனைக் கையில வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நீ மட்டும் தூக்கலன்னா பெரியவர் இந்நேரம் போயிருப்பார்."

போன் அணைந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் எத்தனை நாளைக்கு உங்ககூடப் பேசாம இருக்கணும்?" என்று கேட்டாள்.

அவளும் எண்ணித்தான் வைத்திருக்கிறாள். ஏகாம்பரத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்க இடது கையைத் தூக்கப் போய், ஊசி ஞாபகம் வந்து, அப்படியே விட்டார்.

"பதினொண்ணு" என்றார். பிறகு, "குணா, அன்னைக்கு அக்கா முன்னாடி நான் ஒண்ணு சொன்னேன்ல..."

"இருங்க" என்றாள். அவள் குரல் இப்போது நடுங்கவில்லை. "அதை போன்ல சொல்லாதீங்க. நாலு வருஷம் இருந்தாச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்க மாட்டேனா? வீட்டுக்கு வந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இப்ப தொட்டித் தண்ணிய நான் என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். வெள்ளை டப்பாவை எப்படிக் கழற்றுவது, எந்தப் பக்கம் திருப்புவது, கல்லைக் கையால் தொடலாமா கூடாதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், அவள் ஒவ்வொன்றுக்கும் ம் என்றாள். போனை வைத்த பிறகு பெனிட்டா வந்து பட்டையை மறுபடி அழுத்திப் பார்த்தாள். நூற்று நாற்பத்தைந்து. எவ்வளவு நேரம் பாக்கி என்று ஏகாம்பரம் கேட்டார். ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று அவள் சொன்னாள்.